எம்ஆர்ஐ வச்சு முட்டி வலிய கணிக்க முடியுமா? ஓஏஐ டேட்டால வேலை பண்ணவங்க கொஞ்சம் சொல்லுங்க

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பயோமெடிக்கல்ல எம்இ ரெண்டாவது வருஷம், ப்ராஜெக்ட்டுக்கு முட்டி தேய்மானத்த எடுத்திருக்கேன். காரணம் வீட்லயே இருக்கு. எங்க அம்மாவுக்கு 54 வயசு, ரெண்டு முட்டியும் வலி, மாடிப்படி இறங்கறப்போ கைப்பிடிய புடிச்சிக்கிட்டு ஒவ்வொரு படியா பக்கவாட்டுல திரும்பித்தான் இறங்குவாங்க, அத தினமும் பாத்துட்டுத்தான் காலேஜ் கெளம்பறேன். எக்ஸ்ரே எடுத்தப்போ தேய்மானத்துக்குப் போடற கெல்கிரன் லாரன்ஸ் கிரேடு 2, பெருசா ஒண்ணும் இல்லம்மா வயசுக்கு வர்றதுதான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பெருசா ஒண்ணும் இல்லன்னா இவ்ளோ வலி எங்கேர்ந்து வருது? இதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

என் ப்ளான் இதுதான். அமெரிக்கால ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் இனிஷியேட்டிவ்னு, சுருக்கமா ஓஏஐ, 4,796 பேர 2004-லேர்ந்து 2006 வரைக்கும் சேத்து வருஷா வருஷம் ரெண்டு முட்டியையும் 3 டெஸ்லா எம்ஆர்ஐ மெஷின்ல ஸ்கேன் பண்ணி எல்லாத்தையும் பொதுவுல வச்சிருக்காங்க. அந்த ஸ்கேன அப்படியே நியூரல் நெட்வொர்க்ல குடுத்து வோமேக் வலி ஸ்கோர் (நோயாளிகிட்ட கேள்வி கேட்டு வலிக்குப் போடற மார்க்) எவ்ளோன்னு சொல்ல வைக்கணும். எங்க கைடு என்ன சொல்றார்னா எக்ஸ்ரேயே போதும், கம்ப்யூட்டருக்கும் சுளுவு, ஏன் இவ்ளோ பெரிய 3டி டேட்டாவோட மல்லுக்கட்டறேன்னு கேக்கறார், என்னால சரியா பதில் சொல்ல முடியல.

இன்னொரு சந்தேகம். ஸ்ப்ரிஃபெர்மின்னு ஒரு மருந்து, 549 பேருக்கு முட்டில ஊசியா போட்டு ரெண்டு வருஷம் பாத்ததுல, டம்மி ஊசி போட்டவங்கள விட குருத்தெலும்பு 0.05 மிமீ தடிமன் கூட இருந்துச்சுன்னு 2019-ல வந்த பேப்பர்ல படிச்சேன். இதுமாதிரி ஆராய்ச்சிக்கு எடுக்கற ஸ்கேன்ல ஒரு பிக்சலே கிட்டத்தட்ட 0.36 மிமீ. பிக்சல்ல ஏழுல ஒரு பங்க எப்படிங்க அளக்க முடியும்? அடிப்படையே தப்பா கேக்கறேனான்னும் தெரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஸ்கேன்ரூம்:

தப்பா ஒண்ணும் கேக்கலம்மா, சரியாத்தான் கேக்கற. நான் ரேடியாலஜி, பதினாலு வருஷமா முட்டி ஸ்கேன்தான் அதிகமா ரிப்போர்ட் பண்றேன். மொதல்ல உங்க கைடுக்கு பதில்.

எக்ஸ்ரேல குருத்தெலும்பு தெரியவே தெரியாது. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவுல கருப்பா ஒரு கேப் இருக்கும், அத வச்சு நாம குருத்தெலும்பு இவ்ளோ மிச்சம் இருக்குன்னு ஊகிக்கறோம். அந்த கேப்புக்குள்ள மெனிஸ்கஸும் உக்காந்திருக்கு, நம்ம ஊர்ல ஜவ்வுன்னு சொல்றோமே அதுல ஒண்ணு. அது நைஞ்சு வெளிப்பக்கம் பிதுங்கிட்டாலே கேப் கொறஞ்சு தெரியும், குருத்தெலும்பு அப்படியே இருந்தாலும்கூட. முட்டிய எவ்ளோ மடக்கி எடுத்தாங்கங்கறத பொறுத்தும் அளவு மாறும். கெல்கிரனும் லாரன்ஸும் அந்த 0 முதல் 4 வரைக்குமான கிரேட போட்டது 1957-ல, அப்போ அவங்க கைல இருந்தது எக்ஸ்ரே மட்டும்தான். கிரேடு 2ன்னா எலும்போட ஓரத்துல முள்ளு உறுதியா தெரியுதுன்னு அர்த்தம். அதுல வலியப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

அடுத்தது ரொம்ப முக்கியம், இத நல்லா மனசுல ஏத்திக்கோ. குருத்தெலும்புல நரம்பே கிடையாது, ரத்தக்குழாயும் கிடையாது. அது தேயறத அதாலேயே நமக்கு சொல்ல முடியாது. வலி வர்றதெல்லாம் அக்கம்பக்கத்துலேர்ந்து: குருத்தெலும்புக்கு அடியில இருக்கற எலும்பு, மூட்டுக்கு உள்ள போர்த்தியிருக்கற சைனோவியம் சவ்வு, சுத்தியிருக்கற மூட்டுப்பை. இதுல எலும்புக்குள்ள நடக்கறதும் சவ்வு வீங்கறதும் எக்ஸ்ரேக்கு எட்டாது. எம்ஆர்ஐல கொழுப்போட சிக்னல அமுக்கி எடுத்தா எலும்பு முழுக்க கருப்பாயிடும், அடி வாங்கின இடம் மட்டும் வெள்ளத் திட்டா பளிச்னு நிக்கும், போன் மேரோ லீஷன்னு பேரு. 2001-ல ஃபெல்சன் குழு வெளியிட்டதுல, எக்ஸ்ரேல தேய்மானம் இருந்து வலியும் இருந்த 351 பேர்ல 77.5 சதவீதம் பேருக்கு அந்த திட்டு இருந்துச்சு, தேய்மானம் இருந்தும் வலியே இல்லாத 50 பேர்ல 30 சதவீதம் பேருக்குத்தான் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் எக்ஸ்ரேல தேய்மானம்தான், வித்தியாசத்த காட்டினது எம்ஆர்ஐ. உங்க கைடு கேட்ட கேள்விக்கு இத விட நல்ல பதில் எனக்குத் தெரியல.

ஆனா இதப் படிச்சுட்டு உடனே குதிச்சிடாத. மாசாசூசெட்ஸ்ல ஃப்ரேமிங்ஹாம்ங்கற ஊர்ல, எக்ஸ்ரேல தேய்மானமே இல்லாத 50 வயசுக்கு மேற்பட்ட 710 பேர ஸ்கேன் பண்ணாங்க, 2012-ல வந்துச்சு. 89 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மாற்றம் இருந்துச்சு, முள்ளு 74, குருத்தெலும்பு சேதம் 69, எலும்புத் திட்டு 52. வலி இருந்தவங்க வலி இல்லாதவங்க ரெண்டு கூட்டத்துலயும் இப்படித்தான், பெரிய வித்தியாசம் இல்ல. அதனால ஸ்கேன குடுத்து வலி ஸ்கோர் எவ்ளோன்னு நேரா கேட்டா நெட்வொர்க் திணறும், நீ எவ்ளோ நல்லா கோட் எழுதினாலும் சரி.

தேனிக்காரன்:

டாக்டர் சொன்னதோட சேத்து நான் டேட்டா பக்கத்துலேர்ந்து சொல்றேன் தோழி, ரெண்டு வருஷம் ஓஏஐ டேட்டாலயே குடியிருந்தவன்.

மொதல்ல அந்த 0.05 மேட்டர். ஒரு இடத்துல ஸ்கேல் வச்சு 0.05 மிமீ அளக்க முடியாது, நீங்க சொல்றது கரெக்ட். ஆனா அங்க தடிமன்னு சொல்றது ஒரு இடத்து அளவு கிடையாது, குருத்தெலும்போட பரப்பு முழுக்க ஆயிரக்கணக்கான புள்ளில எடுத்த சராசரி. ஒரு புள்ளில கொஞ்சம் கூட வரும் இன்னொண்ணுல கொஞ்சம் கொறைய வரும், சேத்துப் பாத்தா அந்த பிழை அடிபட்டுப் போயிடும், அதுக்கு மேல நூத்துக்கணக்கான ஆளுங்களோட சராசரி. அதனாலதான் குழுவுக்கு சொல்ல முடியுது. தனி ஒரு ஆளுக்கு உங்க குருத்தெலும்பு 0.05 மிமீ வளந்துருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இன்னொண்ணு, ஒரே பக்கமா இழுக்கற பிழை சராசரில கரையாது. மெஷின் நாளடைவுல லேசா மாறிட்டா எல்லார் அளவும் சேந்து மாறும். அதுக்குத்தான் ஓஏஐல நாலு சென்டர்லயும் ஒரே மாடல் மெஷின போட்டு, அளவு தெரிஞ்ச பொம்மைய ஃபாண்டம்னு வச்சு திரும்பத் திரும்ப ஸ்கேன் பண்ணி செக் பண்ணாங்க. அளக்கறவங்களும் பழைய ஸ்கேனையும் புது ஸ்கேனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எது மொதல்ல எடுத்ததுன்னு தெரியாமத்தான் கோடு போடுவாங்க, தெரிஞ்சா கை தானா தேய்மானம் பக்கம் சாயும்.

ஸ்ப்ரிஃபெர்மின் பேப்பர்ல நீங்க சொல்லாம விட்ட பாதி ஒண்ணு இருக்கு. தடிமன் கூடுச்சு, ஆனா வலில டம்மி ஊசிக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்ல. டாக்டர் மேல சொன்ன நரம்பு கதைய இதோட சேத்துப் பாருங்க.

இப்போ நீங்க விழப்போற பள்ளம், ஏன்னா நானே அதுல விழுந்தேன். ஓஏஐல ஒரு ஆளுக்கு ரெண்டு முட்டி, ஒவ்வொண்ணுக்கும் பல வருஷத்து ஸ்கேன். படம் படமா கலச்சு ட்ரெய்னிங் டெஸ்ட்னு பிரிச்சீங்கன்னா ஒரே ஆளோட வலது முட்டி ட்ரெய்னிங்லயும் இடது முட்டி டெஸ்ட்லயும் போய் உக்காந்துக்கும், நெட்வொர்க் நோயக் கத்துக்காம ஆளக் கத்துக்கும். எனக்கு சூப்பரா ரிசல்ட் வந்துச்சு, நாலு மாசம் சந்தோஷமா இருந்தேன், அப்பறம் ஆள் வாரியா பிரிச்சு ஓட்டினப்போ பாதி காத்துல போயிடுச்சு. எப்பவும் ஆள் நம்பர் வச்சுத்தான் பிரிக்கணும். முடிஞ்சா பால்டிமோர், கொலம்பஸ், பிட்ஸ்பர்க்ல ட்ரெய்ன் பண்ணிட்டு நாலாவது சென்டர் பாடக்கெட்ல டெஸ்ட் பண்ணிப் பாருங்க, அதுல நின்னாத்தான் நெஜமான ரிசல்ட்.

4,796 பேரையும் இறக்காதீங்க, ஹார்ட் டிஸ்க் தாங்காது. ஓஏஐக்குள்ளயே 600 பேர மட்டும் பொறுக்கி பயோமார்க்கர் ஆராய்ச்சி ஒண்ணு பண்ணியிருக்காங்க. 48 மாசத்துல வலியும் கூடி எக்ஸ்ரே கேப்பும் 0.7 மிமீ மேல கொறஞ்சவங்க 194, கேப் மட்டும் கொறஞ்சவங்க 103, வலி மட்டும் கூடினவங்க 103, ரெண்டும் ஆகாதவங்க 200. இவங்களுக்கு குருத்தெலும்பு தடிமனும் அளந்து வச்சிருக்காங்க, மோக்ஸ் ஸ்கோரும் போட்டு வச்சிருக்காங்க. மோக்ஸ்ங்கறது 2011-ல வந்த முறை, முட்டிய துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொரு துண்டுலயும் குருத்தெலும்பு எவ்ளோ போயிருக்கு, எலும்புத் திட்டு எவ்ளோ பெருசுன்னு எக்ஸ்பர்ட் கண்ணால பாத்து மார்க் போடறது. ரெடியா இருக்கற தங்கம் அது, அத விட்டுட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க.

குருத்தெலும்ப தானா பிரிச்செடுக்க நெட்வொர்க் பழக்கணும்னா பெர்லின்ல சூஸெ இன்ஸ்டிட்யூட் 507 ஓஏஐ ஸ்கேன்ல கோடு போட்டு வச்சிருக்காங்க. ஆனா டைஸ் ஸ்கோர் (நெட்வொர்க் பிரிச்சதும் ஆள் கோடு போட்டதும் எவ்ளோ ஒத்துப்போகுதுங்கற மார்க்) நல்லா வந்துட்டா தடிமனும் சரியா வரும்னு நெனச்சு ஏமாந்துடாதீங்க. 2019-ல நடந்த போட்டில பல டீமோட நெட்வொர்க்க ஒப்பிட்டுப் பாத்தப்போ ரெண்டுக்கும் பெருசா சம்பந்தம் இல்லன்னு தெரிஞ்சுது. மெல்லிசான ஒரு படலத்துல ஓரத்துல ஒரு பிக்சல் தள்ளிப்போனா டைஸ்ல லேசாத்தான் தெரியும், தடிமன்ல அது பெரிய பிழை.

வெத்தலக்கொடி:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நான் படிப்பு சம்பந்தமா வரல. எங்கம்மாவுக்கு 61 வயசு, முட்டி வலின்னு போனப்போ எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னாங்க, ரிப்போர்ட்ல மெனிஸ்கஸ் கிழிஞ்சிருக்குன்னு வந்துச்சு, அதப் பாத்துட்டு ஒரு ஆஸ்பத்திரில ஒரே வாரத்துல துளை போட்டு ஆபரேஷன் பண்ணிட்டாங்க. கிழிஞ்சத சரி பண்ணா வலி போயிடும்னு நம்பித்தான் அண்ணன் கடன் வாங்கி கட்டினாரு. ஒன்றரை வருஷம் ஆச்சு, வலி அப்படியேதான் இருக்கு. மேல டாக்டர் எழுதினத படிச்சப்பறம் நெஞ்சு அடிச்சுக்குது. அந்த கிழிசல் வலிக்குக் காரணமே இல்லாம இருந்திருக்குமா?

கொங்கு பிசியோ:

அக்கா, உங்கம்மா ஸ்கேன பாக்காம எது காரணம்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. ஆனா பொதுவா தெரிஞ்ச விஷயம் இருக்கு, அத மறைக்காம சொல்லிடறேன்.

அதே ஃப்ரேமிங்ஹாம் ஊர்ல 50 லேர்ந்து 90 வயசு வரைக்கும் 991 பேர, வலி இருக்கா இல்லையான்னு பாக்காம ஸ்கேன் பண்ணி 2008-ல வெளியிட்டாங்க. மெனிஸ்கஸ் கிழிஞ்சவங்கள்ல 61 சதவீதம் பேருக்கு அதுக்கு முந்தின ஒரு மாசத்துல முட்டில வலியோ புடிப்போ எதுவுமே இல்லீங்க. எக்ஸ்ரேல தேய்மானம் இருந்தவங்கள மட்டும் எடுத்துப் பாத்தா, வலி இருந்தவங்கள்ல 63 சதவீதம் பேருக்கு கிழிசல், வலி இல்லாதவங்கள்ல 60 சதவீதம். ஏறக்குறைய சமம். வயசானா தலமுடி நரைக்கற மாதிரி தேய்மானத்தோட சேந்தே அதுவும் நையுது. 2013-ல ஃபின்லாந்துல இன்னும் ஒருபடி மேல போய், கிழிசல் இருந்த 146 பேர்ல பாதிப் பேருக்கு நெஜமாவே கிழிஞ்சத வெட்டி எடுத்தாங்க, மீதிப் பேருக்கு துளை மட்டும் போட்டு ஆபரேஷன் மாதிரியே பண்ணிட்டு ஒண்ணும் எடுக்காம விட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் இருந்தாங்க. அது எக்ஸ்ரேல தேய்மானம் இல்லாதவங்க, 35 லேர்ந்து 65 வயசு, உங்கம்மாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. வெளையாட்டுல அடிபட்டு கிழியறதும், முட்டி நடுவுல பூட்டிக்கிட்டு நீட்டவே முடியாம போறதும் வேற கதை. ஆனா 60 வயசுக்காரங்களுக்கு ஸ்கேன்ல கிழிசல்னு வந்த உடனே கத்தி வைக்கறது, என்னைக் கேட்டா, சரியில்லைங்க.

உங்க மேல தப்பு கிடையாது அக்கா. கடன் வாங்கி பாத்திருக்கீங்க. ஒன்றரை வருஷம் ஆனாலும் தொடை தசைக்கு பயிற்சி ஆரம்பிக்கலாம், லேட்டெல்லாம் இல்லீங்க. வாரத்துல மூணு நாள், நாற்காலிலேர்ந்து கை ஊணாம எந்திரிச்சு உக்கார்றதுலேர்ந்து ஆரம்பிச்சு மெதுவா கூட்டணும், பக்கத்துல நல்ல பிசியோகிட்ட மொதல்ல காட்டிடுங்க.

நிலாமுற்றம், உங்களுக்கு ஒண்ணு. இதெல்லாம் படிச்சுட்டு படத்துக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஒரு ஆளையும் இன்னொரு ஆளையும் ஒப்பிட்டா குழப்பம்தாங்க வரும், ஏன்னா தூக்கம், மனக்கவலை, எடை, வீட்டு வேலை, வலிய தாங்கற விதம்னு ஆயிரம் இருக்கு. 2009-ல ஒரு குழு புத்திசாலித்தனமா ஒண்ணு பண்ணாங்க. ஒரு முட்டி வலிச்சு இன்னொண்ணு வலிக்காத ஆளுங்கள மட்டும் எடுத்து, அவங்கவங்க ரெண்டு முட்டியையும் அவங்களுக்குள்ளயே ஒப்பிட்டாங்க. தூக்கமும் கவலையும் ரெண்டு முட்டிக்கும் ஒண்ணுதானே. அப்படி பாத்தப்போ வெறும் எக்ஸ்ரேலயே வலிக்கும் தேய்மானத்துக்கும் பலமான தொடர்பு தெரிஞ்சுதுங்க! நீங்க அத எம்ஆர்ஐல பண்ணலாமே.

ஸ்கேன்ரூம்:

பிசியோ சொன்னது அருமையான யோசனை. அதோட இன்னொண்ணு சேத்துக்கோம்மா. குருத்தெலும்பு போனா போனதுதான், எலும்புத் திட்டு அப்படி இல்ல, கூடும் குறையும். மோஸ்ட்னு இன்னொரு பெரிய ஆராய்ச்சி, அயோவாலயும் அலபாமாலயும் 3,026 பேர வச்சு நடந்தது, அதுல திட்டும் சவ்வு வீக்கமும் கூடறப்போ வலியும் கூடறதையும் அது கொறயறப்போ வலி கொறயறதையும் பாத்திருக்காங்க. அதனால ஒரு நாள் ஸ்கேன வச்சு அன்னிக்கு வலி எவ்ளோன்னு கேக்காம, ஒரே முட்டில ரெண்டு வருஷத்துக்கு நடுவுல என்ன மாறுச்சு, வலி எந்தப் பக்கம் மாறுச்சுன்னு கேளு. ஒரு குறை மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோ, சவ்வு வீக்கம் நல்லா தெரியணும்னா காடோலினியம்னு ஸ்கேன்ல பளிச்னு காட்டற மருந்த ஊசியா போட்டு எடுக்கணும், ஓஏஐல அது போடல, முட்டிச்சில்லுக்குக் கீழ இருக்கற ஹாஃபா கொழுப்புல தெரியற மாற்றத்த வச்சு ஊகம்தான்.

நிலாமுற்றம்:

ஐயோ எவ்ளோ விஷயம், நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இதத்தான் திரும்பத் திரும்ப படிச்சேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வெத்தலக்கொடி அக்கா உங்கம்மா சீக்கிரம் தேறணும்.

ப்ளான மாத்திட்டேன். அந்த 600 பேர மட்டும் எடுத்துக்கறேன், நெட்வொர்க்குக்கு முழு ஸ்கேன் குடுக்காம எலும்புத் திட்டோட அளவும் குருத்தெலும்பு தடிமனும் எப்படி மாறுதுன்னு மட்டும் எடுத்து, வலி மட்டும் கூடின அந்த 103 பேருக்கும் கேப் மட்டும் கொறஞ்ச 103 பேருக்கும் என்ன வித்தியாசம்னு பாக்கப்போறேன். கைடுகிட்ட அந்த 77.5, 30 கணக்க சொன்னேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சரி எம்ஆர்ஐயே பண்ணுன்னுட்டார்.

ரெண்டு கேள்வி மட்டும். எம்ஆர்ஐலயே எடுக்கற டி2 மேப் வச்சு குருத்தெலும்பு தேயறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கலாம்னு படிச்சேன், அதையும் சேக்கலாமா? அப்பறம் அம்மாவுக்கு முட்டில ஸ்டெராய்டு ஊசி மூணு மாசத்துக்கு ஒருதடவ போட்டுக்கலாம்னு சொல்றாங்க, பயமா இருக்கு.

ஸ்கேன்ரூம்:

ஊசிய மொதல்ல சொல்றேன். 2017-ல பாஸ்டன்ல 140 பேர வச்சு சரியா இதத்தான் பாத்தாங்க, ட்ரையாம்சினலோன்ங்கற ஸ்டெராய்டு 40 மில்லிகிராம் 12 வாரத்துக்கு ஒருதடவ, ரெண்டு வருஷம், வருஷா வருஷம் எம்ஆர்ஐ. ஊசி போட்டவங்களுக்கு குருத்தெலும்பு 0.21 மிமீ போச்சு, உப்புத்தண்ணி போட்டவங்களுக்கு 0.10. ரெண்டு வருஷ முடிவுல வலில வித்தியாசம் இல்ல. எக்ஸ்ரேய மட்டும் நம்பியிருந்தா இது கண்ல பட்டிருக்கவே வாய்ப்பு கம்மி. வலி தாங்க முடியாம துடிக்கறப்போ ஒரு ஊசி போட்டு ஓரிரு வாரம் நிம்மதியா இருக்கறது தப்பில்ல, அதத் தவணை மாதிரி தொடர்ந்து போடறதுக்கு முன்னாடி அம்மாவ பாக்கற டாக்டர்கிட்ட இந்த விஷயத்த சொல்லிக் கேளு. அம்மாவுக்கு இப்போ எம்ஆர்ஐ வேணுமான்னு நீ கேக்கல, ஆனா கேப்பன்னு தெரியும். வேணாம். 45 வயசுக்கு மேல, நடந்தா வலி, காலைல புடிப்பு அரை மணி நேரத்துக்குள்ள விடுது, இவ்ளோ இருந்தா தேய்மானம்னு முடிவு பண்ண படமே தேவையில்லன்னுதான் இங்கிலாந்து வழிகாட்டியும் சொல்லுது. திடீர்னு வீங்கினா, பூட்டிக்கிட்டா, ராத்திரி படுத்திருக்கறப்போவும் வலிச்சா அது வேற, அப்போ காட்டணும்.

டி2 பத்தி. குருத்தெலும்புல 65 லேர்ந்து 80 சதவீதம் தண்ணிதான், அந்தத் தண்ணிய கொலாஜன் வலை கட்டி வச்சிருக்கு. வலை இத்துப்போக ஆரம்பிச்சா தண்ணி அலைய ஆரம்பிக்கும், டி2 நேரம், அதாவது எம்ஆர்ஐ சிக்னல் அடங்கற நேரம், கூடும், தடிமன் கொறயறதுக்கு முன்னாடியே. ஆனா ரெண்டு விஷயம். ஓஏஐல டி2 எடுத்தது வலது முட்டிக்குத்தான், உன்னோட 600 பேர்ல எத்தன பேருக்கு இடது முட்டிய எடுத்துருக்காங்கன்னு எண்ணிட்டு முடிவு பண்ணு. அப்பறம் கொலாஜன் நார் காந்தப்புலத்துக்கு 55 டிகிரில சாஞ்சிருக்கற இடத்துல ஒரு நோயும் இல்லாமலே டி2 கூடிக் காட்டும், தொடை எலும்போட வளைவுல இது கண்டிப்பா வரும், அத சேதம்னு எழுதிடாத.

தேனிக்காரன்:

எண்ணிப் பாக்கறதுக்கு ஸ்கேன் எதையும் இறக்க வேணாம் தோழி. டேட்டா ஆர்கைவ்ல கைடு பேர்ல அக்ரிமென்ட் போட்டு அனுமதி வந்த உடனே, 600 பேரோட லிஸ்ட்ல எந்தப் பக்கத்து முட்டின்னு ஒரு காலம் (நெடுவரிசை) இருக்கும், அத மட்டும் பாருங்க. அதுல 1ன்னு இருந்தா வலது, 2ன்னு இருந்தா இடது. நான் மொதல் வாரம் அத தலகீழா புரிஞ்சுக்கிட்டு ஓட்டிட்டேன்.